பி.டெக் கோழியினத் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு: விட்டுவிட்டு பி.வி.எஸ்சி போகலாமா?

மூன்றாம்வருடம்:
வேலை விளம்பரம் எதைத் திறந்தாலும் "பி.வி.எஸ்சி மட்டும்" என்று போட்டிருக்கிறது. வீட்டில் இந்தப் படிப்பை நிறுத்திவிட்டு மறுபடி கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். எனக்குப் பண்ணை நிர்வாகம் பிடிக்கும், சிகிச்சையில் அவ்வளவு ஆர்வமில்லை. பிராய்லர் கம்பெனி சூப்பர்வைசரைத் தாண்டி இந்தப் படிப்புக்கு வேறு வழி இருக்கிறதா? அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

தீவனஆலை:
சிகிச்சையில் ஆர்வமில்லை என்றால் நிறுத்தாதீர்கள் தம்பி. பி.வி.எஸ்சி என்பது இன்டர்ன்ஷிப்போடு ஐந்தரை ஆண்டு, அதுவும் முதலிலிருந்து. 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். அதனால்தான் அந்த விளம்பரங்கள் அப்படி வருகின்றன. அரசு கால்நடை உதவி மருத்துவர் பணியும் அவர்களுக்கே. அவற்றை விட்டுவிட்டு தீவனம், ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்), உற்பத்தி, தரக்கட்டுப்பாடு என்று தேடுங்கள்.

தீவன ஆலையின் தரக்கட்டுப்பாடு உங்கள் படிப்புக்குப் பொருத்தமான இடம். ஆனால் அங்கே பாடப்புத்தக வரையறை கேட்க மாட்டார்கள். மக்காச்சோள லோடு வந்து நிற்கிறது, என்ன செய்வீர்கள் என்பார்கள். ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் கிடங்கில் பூஞ்சை பிடிக்கும், அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வரும். கோழித் தீவனத்தில் அஃப்ளாடாக்சின் பி1-க்கு இந்தியத் தர நிர்ணய வரம்பு 20 பிபிபி (நூறு கோடிப் பங்கில் 20 பங்கு). நஞ்சு லோடு முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது, அங்கங்கே திட்டாக இருக்கும். மேல் மூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் நல்ல சரக்கு போலவே காட்டும். லாரியின் முன், நடு, பின், அடி மூட்டைகள் எல்லாவற்றிலும் குத்தூசி போட்டு எடுத்துக் கலந்து, அரைத்து, அதிலிருந்து மாதிரி பிரிக்க வேண்டும்.

சோயாப் புண்ணாக்குக்கு புரதச் சதவீதம் மட்டும் போதாது. யூரியேஸ் என்ற நொதி அதிகம் என்றால் வேக்காடு பத்தவில்லை. கேஓஹெச் கரைதிறன் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் புரதம் கரையும் அளவு) 70 சதவீதத்துக்குக் கீழே போனால் கருகிவிட்டது, லைசின் என்ற அமினோ அமிலம் செரிக்காது. இந்தச் சோதனைகளைக் கல்லூரி ஆய்வகத்திலேயே கை பழகிக்கொள்ளுங்கள்.

பண்ணைப்பக்கம்:
சூப்பர்வைசர் வேலையை ஏன் இளப்பமாகப் பார்க்கிறீர்கள்? கணக்குப் பழக வேறு நல்ல இடமில்லை. 5,000 குஞ்சு இறக்கி 4 சதவீதம் இறந்தால் 4,800 மிச்சம். சராசரி 2.2 கிலோ என்றால் 10,560 கிலோ உயிர் எடை. 16,896 கிலோ தீவனம் போயிருந்தால் எஃப்.சி.ஆர் (ஒரு கிலோ உயிர் எடைக்குப் போன தீவனம்) 1.60. அது 1.65 ஆனால் இந்த ஒரு பேட்சிலேயே 528 கிலோ தீவனம் கூடுதல். முதல் வாரத்தில் இறப்பு 1 சதவீதத்தைத் தாண்டினால் உடனே மருந்தைத் தேடாதீர்கள், புரூடிங்கை (குஞ்சுகளுக்குச் சூடு கொடுத்து வளர்ப்பதை) பாருங்கள். இறக்கிய 24 மணி நேரத்தில் குஞ்சுகளின் கழுத்தடியில் உள்ள இரைப்பையைத் தொட்டுப் பார்த்தால் 100-க்கு 95-க்காவது நிறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சூடோ, தண்ணீரோ, வெளிச்சமோ குறைவு.

ஒன்று மட்டும்: இரண்டு ஆண்டுக்கு மேல் அதே லைனில் சுற்றாதீர்கள். தாய்க்கோழிப் பண்ணைக்கோ ஹேச்சரிக்கோ மாற்றம் கேளுங்கள்.

மூன்றாம்வருடம்:
நன்றி அண்ணா. வங்கித் தேர்வு, சொந்தப் பண்ணை?

விண்ணப்பம்:
வங்கியின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கான ஐபிபிஎஸ் (வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம்) அறிவிப்பு, கால்நடை வளர்ப்பு, பால் தொழில்நுட்பம், உணவுத் தொழில்நுட்பம் என்று பட்டங்களைப் பெயர் சொல்லியே பட்டியலிடும். உங்கள் சான்றிதழில் இருக்கும் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இல்லாவிட்டால் தேர்வில் தேறினாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுவிடும். நிர்வாகப் படிப்பு என்றால் ஐதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் வேளாண் வணிகப் படிப்பைப் பாருங்கள்.

சொந்தப் பண்ணைக்கு தேசிய கால்நடை இயக்கத்தில் 50 சதவீத மானியம், கோழிக்கு அதிகபட்சம் 25 லட்சம். பலர் இதை பிராய்லர் ஷெட்டுக்கு என்று நினைத்து விண்ணப்பித்துத் தள்ளுபடி ஆகிறார்கள். இது நாட்டுக்கோழி வகைக்கு, குறைந்தது 1,000 தாய்க்கோழிகளோடு ஹேச்சரியும் குஞ்சு வளர்ப்பு மனையும் சேர்ந்தது. மானியம் இரண்டு தவணையாக வரும், கடைசித் தவணை வேலை முடிந்த பிறகுதான். அதுவரை தீவனச் செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று முதலில் கணக்குப் போடுங்கள்.