துறவியாக இருந்துகொண்டே 35 ஆண்டுகள் பல்கலைக்கழகத் தலைவர்: ஃபாதர் ஹெஸ்பர்க்கைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அந்தோணி_மாமா கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, கல்விப்பணி செய்யும் ஒரு துறவற சபையில் சேரப் போகிறேன் என்கிறான். அவன் குருவாவதில் அக்காவுக்கு மறுப்பு இல்லை. ஆனால், "சாமியாராகப் போகிறவன் பங்குக் கோயில், பூசை, மக்கள் என்று இருக்க வேண்டும். கல்லூரி நிர்வாகம், கட்டடம், நிதி திரட்டுவது என்று வாழ்நாள் போய்விட்டால் அதற்கு எதற்குக் குருப்பட்டம்?" என்று கேட்கிறாள்.

அதற்கு அவன் எடுத்துக்காட்டும் பெயர் தியடோர் ஹெஸ்பர்க். அமெரிக்காவின் நோட்டர்டாம் பல்கலைக்கழகத்தை 1952 முதல் 1987 வரை நடத்தியவராம். இணையத்தில் தேடினால் விருதுப் பட்டியல்தான் நீளமாக வருகிறது. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அவரை யார் நியமித்தார்கள்? ஆயரா, சபையா? சம்பளம் உண்டா? அவ்வளவு வேலைக்கு நடுவில் அவர் குருவாகத்தான் வாழ்ந்தாரா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் அக்காவுக்குப் படித்துக் காட்டுவேன்.

தங்கக்கும்மட்டம் எழுதியது:

அந்தோணி அண்ணன், நான் நோட்டர்டாமில் முதுகலை படித்தவன். நான் போனபோது அவர் ஓய்வு பெற்று நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆனாலும் வளாகத்தில் எல்லோருக்கும் அவர் 'ஃபாதர் டெட்'தான். அவர் பெயரில் இருக்கும் நூலகத்தின் 13-வது மாடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. முதுமையில் கண்பார்வை மங்கிய பிறகு மாணவர்கள் போய்ச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவார்கள். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

அந்தப் பதவி அவர் கேட்டு வாங்கியது இல்லை. 1917-ல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே குருவாக வேண்டும் என்பதுதான் ஆசை. 1934-ல், நோட்டர்டாமை நடத்திய திருச்சிலுவை சபையில் சேர அங்கே வந்தார். 1937-ல் சபை அவரை ரோமுக்கு அனுப்பியது. போர் மூண்டதால் 1940-ல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. 1943 ஜூன் 24 அன்று குருப்பட்டம். அப்போது அவர் கேட்டதெல்லாம் கடற்படையில் ஆன்மகுருவாகப் போக அனுமதி. சபைத் தலைமை, முதலில் முனைவர் பட்டத்தை முடி என்று வாஷிங்டனுக்கு அனுப்பியது. 1945-ல் முடித்துவிட்டு மறுபடியும் கடற்படையைக் கேட்டார். நோட்டர்டாமுக்குப் போய் வகுப்பெடு என்று பதில் வந்தது. போனார். துறவிகள் எடுக்கும் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு (உறுதிமொழி) என்றால் நடைமுறையில் இதுதான், உங்கள் அக்கா மகனும் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஆய்வின் பொருள், திருச்சபைப் பணியில் பொதுநிலையினருக்கு (குருக்களோ துறவிகளோ அல்லாத சாதாரண விசுவாசிகளுக்கு) திருமுழுக்கும் உறுதிபூசுதலும் தரும் பங்கு. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

போர் முடிந்து, ராணுவத்திலிருந்து வந்த இளைஞர்கள் மனைவி குழந்தைகளோடு வளாகத்தில் தங்கிப் படித்தார்கள். அந்தக் குடும்பங்களுக்கு ஆன்மகுரு இவர்தான். 1948-ல் இறையியல் துறைத் தலைவர், 1949-ல் நிர்வாகத் துணைத்தலைவர், 1952-ல் தலைவர். அப்போது வயது 35.

நியமனம் பற்றிக் கேட்டீர்கள். அன்றைக்கு ஆயருக்கு அதில் வேலை இல்லை, சபைதான் நியமித்தது. வளாகத்தில் வாழும் துறவற இல்லத்தின் தலைவரே பல்கலைக்கழகத் தலைவராகவும் இருப்பார். இல்லத் தலைவர் பதவிக்குத் திருச்சபைச் சட்டப்படி ஆறு ஆண்டு வரம்பு உண்டு. அதனால்தான் அவருக்கு முன்னிருந்தவர்கள் ஆறு ஆண்டில் இறங்கிவிட்டார்கள். 1958-ல் இரண்டு பதவிகளையும் பிரித்தார்கள். அந்தச் சின்ன மாற்றம் இல்லையென்றால் 35 ஆண்டு என்ற பேச்சே இல்லை.

சம்பளம்: திருச்சிலுவை குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். சொந்த வங்கி இருப்பு, சொந்த வீடு கிடையாது. அவரும் மற்றக் குருக்களோடு சபை இல்லத்தில் ஓர் எளிய அறையில்தான் வாழ்ந்தார்.

வளர்ச்சிக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பொறுப்பேற்றபோது மாணவர்கள் 5,000-க்குச் சற்றுக் குறைவு, விடும்போது 9,600. நிலை நிதி (முதலீடாக வைத்திருக்கும் பணம்) சுமார் 90 லட்சம் டாலரிலிருந்து 35 கோடி டாலருக்குப் போனது. நோட்டர்டாம் என்றாலே அமெரிக்கக் கால்பந்து என்று இருந்த காலம் அது. விளையாட்டு நிருபர்கள் கையில் பந்தைக் கொடுத்துப் படத்துக்கு நிற்கச் சொன்னபோது அவர் மறுத்துவிட்டார். பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு தெளிவு.

இப்போது உங்கள் அக்காவின் கேள்வி. 1957-ல் ஐசனோவர் அரசு குடிமை உரிமைகள் ஆணையம் அமைத்தபோது இவரை உறுப்பினராக்கியது. கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை எப்படி மறுக்கப்படுகிறது என்று தென்மாநிலங்களில் விசாரிப்பதுதான் வேலை. ஆணையத்துக்கு எதையும் அமல்படுத்தும் அதிகாரம் கிடையாது, விசாரித்து அறிக்கை தரலாம், அவ்வளவுதான். ஆறு உறுப்பினர்கள். பாதிப் பேர் தெற்கைச் சேர்ந்தவர்கள், ஒரே அறிக்கையில் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று யாரும் நம்பவில்லை. 1959 கோடையில் லூசியானாவில் நடக்கவிருந்த விசாரணை நீதிமன்றத் தடையால் நின்றுபோனது. இவர் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும் விமானத்தில் ஏற்றி, விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் நோட்டர்டாமுக்குச் சொந்தமான ஏரிக்கரை விடுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே இரவு உணவு, ஏரியில் மீன்பிடிப்பு, அப்புறம்தான் பேச்சு. அந்த ஒரு மாலையில் ஏறக்குறைய எல்லாப் பரிந்துரைகளிலும் உடன்பாடு வந்தது. ஆணையம் சொன்னவற்றில் பல, பின்னால் 1964 குடிமை உரிமைச் சட்டத்திலும் 1965 வாக்குரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றன.

ஒரு வழக்கறிஞரோ அரசியல்வாதியோ இப்படிச் செய்திருக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால், சண்டையிட்டுக்கொள்ளும் இரண்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைப்பது பங்குக் குரு வாரந்தோறும் செய்கிற வேலைதானே! 1964 ஜூனில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகோத்து நின்று பாடும் படம் ஒன்று உண்டு, அதை அக்காவுக்குக் காட்டுங்கள். 1969-ல் ஆணையத் தலைவரானார். நிக்சன் அரசு குடிமை உரிமைச் சட்டங்களைச் சரியாக அமல்படுத்தவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1972 தேர்தலில் வென்ற கையோடு நிக்சன் அரசு அவரைப் பதவி விலக வைத்தது.

அடுத்து 1967. என் பார்வையில் அவர் வாழ்க்கையிலேயே பெரிய செயல் இதுதான். அதுவரை பல்கலைக்கழகம் முழுக்கச் சபையின் கையில். அதை, பெரும்பான்மையாகப் பொதுநிலையினர் இருக்கும் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார்கள். சபை உறுப்பினர்கள் கூடி வாக்களித்து முடிவெடுத்தார்கள், அதற்கு முன்னால் நின்று வாதாடியவர் இவர். யாரை நியமிக்கலாம், யாரை நீக்கலாம் என்ற அதிகாரம் தன் சபையின் கையில் இருந்தும் அதை விட்டுக்கொடுத்தார். 1945-ல் பொதுநிலையினரின் பங்கைப் பற்றி ஆய்வு எழுதிய அதே ஆள், 22 ஆண்டு கழித்து அதைச் செய்து காட்டினார். இதைப் படித்த அன்றைக்குத்தான் அவர் எனக்கு வெறும் நிர்வாகியாகத் தெரியாமல் போனார்.

திருப்பலி? குருவான நாளிலிருந்து, விரல்விட்டு எண்ணும் விதிவிலக்குத் தவிர, தினமும். எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

செபமாலை_தாசன் எழுதியது:

தங்கக்கும்மட்டம் அண்ணா நன்றாகச் சொன்னார். ஆனால் மறுபக்கமும் அந்தத் தாயின் காதுக்குப் போக வேண்டும்.

அதே 1967 ஜூலையில், அதே லேண்ட் ஓ லேக்ஸில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கூட்டியவர் ஹெஸ்பர்க். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு, வெளியிலிருக்கும் எந்த அதிகாரத்தின் முன்பும், அது திருச்சபை அதிகாரமாகவே இருந்தாலும், உண்மையான தன்னாட்சி வேண்டும் என்பது அதன் சாரம். அதன் பிறகுதான் பல கல்லூரிகளில் 'கத்தோலிக்க' என்ற சொல் பெயர்ப்பலகையோடு நின்றுவிட்டது என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். இந்தக் கவலை இல்லாவிட்டால் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1990-ல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்றே 'எக்ஸ் கோர்தே எக்லேசியே' ஆவணத்தை எழுதியிருக்க வேண்டியதில்லை. 2009-ல் நோட்டர்டாம் பட்டமளிப்பு விழாவுக்கு ஒபாமாவை அழைத்தபோது பல ஆயர்கள் வெளிப்படையாகக் கண்டித்ததையும் மறக்க முடியாது.

ஃபாதர் ஹெஸ்பர்க்கின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. தினமும் திருப்பலி வைத்தவர் அவர். ஆனால் ஒருவருடைய பக்தி தானாக ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும், ஆயரோடு உறவு வேண்டும்.

டீச்சரம்மா எழுதியது:

நானும் கன்னியர் நடத்திய கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

நோட்டர்டாமில் பெண்களை இளநிலைப் படிப்பில் சேர்த்தது 1972-ல்தான். பக்கத்திலேயே இருக்கும் செயின்ட் மேரீஸ் பெண்கள் கல்லூரியோடு இணைப்புப் பேச்சு நடந்து முறிந்த பிறகு வந்த முடிவு அது. நாடு முழுக்கச் சம உரிமை பேசியவர் தன் வளாகத்தில் இதற்கு 20 ஆண்டு எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு நெருடல்தான்.

ஆனால் 1969-ல் அவர் நடந்துகொண்ட விதம் மனதில் நிற்கிறது. வியட்நாம் போர் எதிர்ப்பில் வளாகங்கள் கொந்தளித்த நேரம். பலத்தைக் காட்டிப் பிறர் உரிமையைத் தடுப்பவர்களுக்கு யோசிக்க 15 நிமிடம், அதற்கு மேல் இடைநீக்கம் என்று மாணவர்களுக்குக் கடிதம் எழுதினார். நிக்சன் உடனே பாராட்டினார். அந்தப் பாராட்டை வைத்து அரசு மாணவர்களை அடக்கச் சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, இதே மனிதர் துணைக் குடியரசுத் தலைவருக்கு எழுதி எதிர்த்தார். பிள்ளைகளைக் கண்டிப்பது எங்கள் வீட்டு விஷயம், நீங்கள் உள்ளே வராதீர்கள் என்கிற மாதிரி. ஆசிரியராக எனக்கு அது புரிகிறது. அவரும் பின்னால் போரை எதிர்த்துப் பேசினார்.

அந்தோணி_மாமா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா முழுவதும் கேட்டாள். அந்தக் கடற்படை விஷயத்தைத்தான் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள். இன்னும் ஒன்று மட்டும்: பொதுநிலையினர் குழுவிடம் போன பிறகும் குருதான் தலைவராக வருகிறாரா? இவன் படித்து முடிக்கும் காலத்தில் அப்படி ஒரு வேலையே இருக்குமா?

தங்கக்கும்மட்டம் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணன். நோட்டர்டாமில் இன்றும் அப்படித்தான். தலைவரைத் தேர்ந்தெடுப்பது அறங்காவலர் குழு, ஆனால் அவர் திருச்சிலுவை சபையின் அமெரிக்கப் பிரிவைச் சேர்ந்த குருவாக இருக்க வேண்டும் என்பது விதி. குழுவுக்கு மேலே 12 பேர் கொண்ட ஓர் அமைப்பு உண்டு. ஆறு பேர் சபைக் குருக்கள், ஆறு பேர் பொதுநிலையினர். கத்தோலிக்கத் தன்மையைக் காப்பது அவர்கள் பொறுப்பு. தாசன் தம்பி கேட்ட 'சட்டம்' 1967-லேயே இந்த வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. போதுமா என்பதில் நமக்குள் வேறுபாடு இருக்கலாம், ஆனால் கதவைத் திறந்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. ஹெஸ்பர்க்குக்குப் பின் மல்லாய், ஜென்கின்ஸ், 2024 முதல் ராபர்ட் டவுட் என எல்லோரும் அதே சபைக் குருக்கள்.

மற்ற இடங்களில் நிலைமை மாறிவிட்டது. இயேசு சபையின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு 2001-ல் முதல் பொதுநிலைத் தலைவர் வந்தார். அதே சபையின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் 2022-ல் ஒரு பெண் தலைவரானார். குருக்களின் எண்ணிக்கை குறைவதும் காரணம், பொதுநிலையினர் தகுதியோடு வளர்ந்திருப்பதும் காரணம். ஆகவே தலைவராகும் கனவோடு உங்கள் மருமகன் சபையில் சேரக்கூடாது. அப்படிச் சேர்ந்தவரும் இல்லை ஹெஸ்பர்க்.

டீச்சரம்மா சொன்ன 1972 நெருடல் எனக்கும் உண்டு.

ஓய்வு பற்றிச் சொல்ல விட்டுவிட்டது. 1987-ல் பதவியை விட்டதும், 35 ஆண்டும் தன்னோடு துணைத்தலைவராக இருந்த ஃபாதர் ஜாய்ஸைக் கூட்டிக்கொண்டு உள்ளேயே தங்கும் வசதியுள்ள ஒரு வீட்டு வண்டியில் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பிவிட்டார். புதியவர் சுதந்திரமாகக் காலூன்றட்டும் என்றுதான். பிறகு வளாகத்துக்கே திரும்பி 2015 பிப்ரவரி 26-ல், 97 வயதில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

சபையில் சேர வருபவர்களுக்கு வழிகாட்டும் அழைத்தல் இயக்குநரைப் பார்க்கப் போகும்போது பையனை இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள்: மேற்படிப்புக்கு யாரை அனுப்புவது என்று யார் முடிவெடுக்கிறார்கள், படிப்புக் காலத்தில் பங்குப் பணியும் சேர்ந்து கிடைக்குமா. அக்காவையும் கூடவே கூட்டிப் போங்கள். பெற்றோர் வருவதை அவர்கள் விரும்பவே செய்வார்கள்.