மேடையில் பேசும்போது கிட்டாரில் இரைச்சல், உதவி வேண்டும்

சொந்தமாகப் பாட்டு எழுதி, கிட்டார் வாசித்துப் பாடுகிறேன். ஊர் கும்பகோணம். பாட்டுக்கு நடுவே, அரசலாற்றங்கரையில் வளர்ந்த கதையையும் பாட்டு பிறந்த விதத்தையும் சொல்வேன். வருபவர்கள் அதைத்தான் ஆசையாகக் கேட்கிறார்கள். பிரச்சினையும் அங்கேதான். பேசுவதற்காகத் தந்தியிலிருந்து கையை எடுத்ததும் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல். தொட்டால் நின்றுவிடுகிறது.

பீசோ பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பாகம்), 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட்) உள்ள அகூஸ்டிக் கிட்டார். பொங்கலுக்கு அப்புறம் ஆரம்பித்தது. கேபிள், பேட்டரி, மிக்சர் சேனல் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. கல்யாண மண்டபங்களில் ஜெனரேட்டர் ஓடினால் ரொம்ப மோசம். வீட்டில் பேட்டரி ஆம்ப்பில் இந்த இரைச்சலே இல்லை.

சனிக்கிழமை மயிலாடுதுறையில் நிகழ்ச்சி. டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வாங்கினால் தீருமா, இல்லை கிட்டாருக்குள் எர்த் ஒயரைப் பார்க்க வேண்டுமா?