தங்கம் விலையை முடிவு செய்யும் அறை: எங்கள் ‘பெரிய வளவு’ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரவு

ராமு அம்மான்: (ஃபார்வர்ட்) “உலகத்தை ஆள்வது 130 பேர்! பில்டர்பெர்க் என்ற இரகசியக் கூட்டத்தில் அடுத்த பிரதமர் யார், அடுத்த போர் எங்கே, தங்கம் என்ன விலை என்று எல்லாம் முடிவாகிறது. எந்தப் பத்திரிகையும் இதை எழுதாது. உடனே பகிருங்கள்!”

ராமு அம்மான்: மீனாளுக்குக் கல்யாணத் தங்க நகையான கழுத்துரு செய்யக் கொடுக்க வேண்டும். நேற்றுக் காரைக்குடியில் விலை கேட்டு வந்ததிலிருந்து மனசு சரியில்லை. இதைப் படித்தால் நம்பத்தான் தோன்றுகிறது.

மெய்யம்மை: அப்படி ஒரு கூட்டம் உண்மையிலேயே நடக்கிறதா?

சிகப்பி ஆச்சி: நடக்கிறது. 1954 மே மாதம் நெதர்லாந்தில், ஊஸ்டர்பேக் ஊரில் இருக்கும் பில்டர்பெர்க் ஹோட்டலில்தான் முதல் கூட்டம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. போருக்குப் பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் பிரிந்து போய்விடக் கூடாது என்று போலந்துக்காரர் யோசெஃப் ரெட்டிங்கர் அலைந்து திரிந்து ஏற்பாடு செய்தார். நெதர்லாந்து இளவரசர் பெர்ன்ஹார்ட் தலைவர். அவர் பெயர் லாக்ஹீட் விமான நிறுவனத்தின் லஞ்ச விவகாரத்தில் அடிபட்டதால் 1976இல் கூட்டமே நடக்கவில்லை.

ராமு அம்மான்: பாருங்கள், தலைவரே லஞ்ச விவகாரத்தில் சிக்கியவர்!

சிகப்பி ஆச்சி: ஆமாம். அது வெளியே வந்தது அமெரிக்க செனட் விசாரணையில். ஃபார்வர்ட் எழுதியவர் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மெய்யம்மை: அவர்களுடைய இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். வருகிறவர்கள் பட்டியல், பேசும் தலைப்புகள் எல்லாம் இருக்கின்றன. 2025 ஜூனில் ஸ்டாக்ஹோமில் நடந்திருக்கிறது. தீர்மானம் கிடையாது, ஓட்டெடுப்பு கிடையாது, அறிக்கையும் கிடையாதாம். அங்கே கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் யார் சொன்னது என்று சொல்லக் கூடாதாம்.

ராமு அம்மான்: அதைத்தான் நானும் கேட்கிறேன். பதவியில் இருக்கும் மந்திரி, வங்கித் தலைவர்களோடும் கம்பெனி முதலாளிகளோடும் மூன்று நாள் ஒரே ஹோட்டலில் தங்குகிறார். என்ன பேசினார் என்று அவருக்கு ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியாது. இது சரியா? பில் கிளிண்டன் 1991இல் போனார், 1993இல் அதிபராக உட்கார்ந்தார்!

சிகப்பி ஆச்சி: முதல் கேள்வி நியாயமானது அம்மான், அதை விட்டுவிடாதீர்கள். கிளிண்டன் கதை வேறு. வளர்ந்து வருகிறவர் யார் என்று பார்த்துத்தான் அழைக்கிறார்கள். போய்வந்தும் அப்படி உயர்ந்த பதவிக்கு வராதவர்கள் பலர். அவர்கள் பெயரை ஃபார்வர்டில் போட மாட்டார்கள்.

மெய்யம்மை: சரி, தங்கம்?

சிகப்பி ஆச்சி: நான் சொல்ல நினைத்ததே அதுதான். தங்க விலையை முடிவு செய்ய நிஜமாகவே ஓர் அறை இருந்தது. லண்டனில், ராத்ஸ்சைல்ட் என்ற யூதக் குடும்பத்து வங்கியின் அலுவலகம். 1919 செப்டம்பரில் தொடங்கியது. ஐந்து நிறுவனங்களின் ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாங்குவதும் விற்பதும் சமமாகும் விலை வரும்வரை பேசுவார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கொடி. அதை நிமிர்த்தினால் ‘கொஞ்சம் பொறுங்கள், என் ஆட்களைக் கேட்கிறேன்’ என்று அர்த்தம். 2004இல் ராத்ஸ்சைல்ட் விலகியபின் தொலைபேசியில் நடந்தது. 2014இல் பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு ஆணையம் அந்தக் குழுவில் இருந்த பார்க்ளேஸ் வங்கிக்கு 2 கோடியே 60 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. அதன் வியாபாரி ஒருவர் வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்காமல் தப்பிக்க விலையை அசைக்கப் பார்த்தார். 2015இல் அந்த முறையே போய் மின்னணு ஏலம் வந்துவிட்டது.

ராமு அம்மான்: இதை ஏன் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை!

சிகப்பி ஆச்சி: எனக்கும் அதுதான் வருத்தம். முகவரி இருந்தது, குற்றம் இருந்தது, தண்டனையும் இருந்தது. அதை விட்டுவிட்டு 130 பேர் போர் நடத்துகிறார்கள் என்று அனுப்புகிறோம்.

ராமு அம்மான்: ராத்ஸ்சைல்ட் என்றதும் ஞாபகம் வந்தது. இதன் இரண்டாம் பாகம் ஒன்று வந்திருக்கிறது, யூதர்கள்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் என்று...

சிகப்பி ஆச்சி: அதை இங்கே போட வேண்டாம் அம்மான், கெஞ்சிக் கேட்கிறேன். யூதப் பெரியவர்கள் கூடி உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போட்டார்கள் என்று 1903இல் ரஷ்யாவில் ஒரு போலி ஆவணம் அச்சானது. வேறொரு புத்தகத்திலிருந்து திருடி எழுதியது என்று 1921இலேயே லண்டன் டைம்ஸ் பத்தி பத்தியாக ஒப்பிட்டுக் காட்டியது. அப்படியும் ஹிட்லர் ஆட்சி அதைப் பரப்பியது. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஐயா: இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களையும் அப்படிச் சொன்னார்கள், தெரியுமா?

மெய்யம்மை: எங்கே ஐயா?

ஐயா: பர்மாவில். நம்மவர்கள் அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்து வந்தார்கள். ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதத்துக்கு ஒரு நாள் நம்மவர்கள் கூடி நடப்பு வட்டி, தவணை வட்டி என்னவென்று முடிவு செய்வார்கள். எங்கள் அப்பச்சி அங்கே ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது முகவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர், சொல்லியிருக்கிறார். வெளியாள் யாரும் அந்தப் பேச்சில் கிடையாது. 1930இல் நெல் விலை விழுந்தது. விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை, அடமான வயல் நம்மவர்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம்மவர்களிடம் இருந்தது. 1938இல் 25 பங்கு. திட்டம் போட்டுப் பிடுங்கினார்கள் என்று பத்திரிகையில் படம் போட்டு ஏசினார்கள்.

ராமு அம்மான்: நம்மவர்களுக்குப் பணம்தானே வேண்டும் ஐயா? வயலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

ஐயா: உண்மை. சதி எதுவும் இல்லை, விலை விழுந்ததுதான் காரணம். ஆனால் வயல் போனது பர்மாக்காரனுக்குத்தானே? வட்டியை முடிவு செய்த இடத்தில் அவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல வழி இல்லை. அந்தக் கோபத்தில் பாதி நியாயம். மீதிப் பாதி நம் சாதியையே பேயாக்கியது. கடை வைத்திருந்தவர், கடையில் வேலை பார்த்த பெட்டியடிப் பையன் எல்லோரும் அந்தப் பேச்சைச் சுமந்தார்கள்.

மெய்யம்மை: ஐயா, இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லை.

ராமு அம்மான்: பங்காளிகள் குழுவில் காலையிலேயே அந்த ஃபார்வர்டைப் போட்டிருந்தேன். அதன் கீழே ஆச்சி சொன்ன லண்டன் விவரத்தை எழுதிவிடுகிறேன். மந்திரி என்ன பேசினார் என்று கேட்கும் கேள்வியை மட்டும் எடுக்க மாட்டேன்.

சிகப்பி ஆச்சி: எடுக்கவே வேண்டாம்.

ராமு அம்மான்: ரங்கூன் விஷயத்தையும் சேர்த்துப் போடட்டுமா ஐயா?

ஐயா: போடு. அந்த 25 பங்கை விட்டுவிடாதே.