ஒருபுறம் படகு, மறுபுறம் ரயில்: சிட்னியின் தெற்கே ஒரு கடலோர நடை

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சிட்னிக்குக் குடிவந்த முதல் சில ஆண்டுகள், கடலோரத்து நெடும்பாதைகள் எல்லாம் வண்டி வைத்திருப்பவர்களுக்கே உரியவை என்று நினைத்து, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூங்காக்களோடு நிறுத்திக்கொண்டேன். ராயல் தேசியப் பூங்காவின் கடலோரத் தடத்தை நடந்த பிறகுதான் அது எவ்வளவு தவறான எண்ணம் என்று புரிந்தது. பண்டீனா என்னும் சிற்றூரில் தொடங்கி ஆட்ஃபர்ட் வரை செல்லும் அந்த 26 கிலோமீட்டர் வழியை முழுமையாக நடக்கச் சிரமப்படுபவர் காரில் வருபவர்தான். வண்டியை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே அவர் திரும்பி வந்தாக வேண்டும். என்னைப் போன்றவர்கள் ஒரு முனையில் படகிலிருந்து இறங்கி, மறுமுனையில் ரயில் ஏறி வீடு வந்துவிடலாம்.

சிட்னியின் மத்திய ரயில் நிலையத்திலிருந்து க்ரொனல்லா என்னும் கடலோரப் புறநகருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். நிலையத்துக்குப் பின்புறம் சில நிமிடம் நடந்தால் படகுத்துறை வந்துவிடும். போர்ட் ஹேக்கிங் கழிமுகத்தைக் கடந்து பண்டீனாவுக்குச் செல்லும் பயணிகள் படகு 1915 முதல் ஓடுகிறது. பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிப் பை சுமந்த பாட்டிமார்களும் அன்றாடம் ஏறி இறங்கும் அந்தச் சிறு படகில், முதுகுப்பையோடு உட்கார்ந்திருக்கும்போதே நடை தொடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றும்.

முதன்முறை நான் போனது அப்பாவுடன். திருச்செந்தூரிலிருந்து மூன்று மாதம் எங்களோடு தங்க வந்திருந்தவரை, ஒரு ஜூன் மாதக் குளிர்காலக் காலையில் அழைத்துச் சென்றேன். அவருடைய முழங்காலை எண்ணி, மார்லி கடற்கரை வரை போய்த் திரும்புவது என்று முடிவு செய்திருந்தோம். படகுத்துறையிலிருந்து ஊருக்குள் அரை மணி நேரம் நடந்தால் தெரு முடிந்து தடம் தொடங்குகிறது. புதர்க்காட்டைத் தாண்டியதும் திடீரென்று தரை முடிந்து, மஞ்சளும் வெள்ளையுமாக அடுக்கடுக்கான மணற்பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. வெட்டி வைத்த கேக் துண்டைப் போல் வெளுத்துத் துருத்தி நிற்கும் ஒரு பாறையைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். அது எப்போது வேண்டுமானாலும் இடிந்து விழக்கூடியது என்று கண்டறிந்த பிறகு, 2015 முதல் அந்த வேலி இருக்கிறது. படம் எடுப்பதற்காக அதைத் தாண்டிக் குதித்த இளைஞர்களைப் பார்த்து அப்பா சத்தம் போட்டார். மொழி புரியாவிட்டாலும் அவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

அதற்குச் சற்றுத் தெற்கே, பாறை விளிம்பிலிருந்து தள்ளி ஒரு முதிய பெண்மணி மடக்கு நாற்காலியில் அமர்ந்து தொலைநோக்கியால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கடந்து போகையில் கையைக் காட்டி நிறுத்தி, தொலைநோக்கியை அப்பாவிடம் நீட்டினார். முதலில் ஒரு புகைத் தூண் போல நீராவி எழுந்தது, பிறகு கரிய முதுகு மெல்ல வளைந்து அமிழ்ந்தது, பக்கத்திலேயே இன்னொன்று. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் மே மாதத்திலிருந்து இந்தக் கரையோரமாக வடக்கே போகின்றன. வெப்பக் கடலில் குட்டி ஈன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே திரும்புகின்றன. அந்த அம்மையார் சொல்லச் சொல்ல நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா நெடுநேரம் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிறகு என்னிடம், “இது கரைப்பக்கம் வந்துராதே?” என்று கேட்டார். அவர் எதை நினைத்துக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். 2016 ஜனவரியில் மணப்பாட்டுக் கரையை ஒட்டி 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, ஊர் மீனவர்களோடு சேர்ந்து அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிட்டவர்களில் அவரும் ஒருவர். தள்ளிவிட்டவற்றுள் பல மறுபடியும் கரைக்கே வந்து மடிந்தன. அதைப்பற்றி அவர் எங்களிடம் விரிவாகப் பேசியதே இல்லை. இவை ஆண்டுதோறும் போய்வரும் வழி இது என்றும், கரைக்கு வருவது அரிது என்றும் அந்த அம்மையார் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அப்பா மறுபடியும் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை நீராவி எழும்போதும் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். மார்லிக்குப் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. அலையின் இழுப்பு கடுமையாக இருக்கும் கடற்கரை அது என்பதால் நாங்கள் இறங்கிக் குளிக்கவில்லை. கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படகு நேரத்துக்குத் திரும்பினோம்.

முழுத் தடத்தையும் அடுத்த ஆண்டு செப்டம்பரில், உடன் பணிபுரியும் தோழி ஒருத்தியோடு இரண்டு நாளில் நடந்தேன். தடத்தின் வழியில் வடக்கு ஈரா என்னும் இடத்தில்தான் கூடாரம் போட அனுமதி உண்டு; முன்பதிவு கட்டாயம். அங்கே குடிநீர் கிடையாது, ஆகவே இரண்டு நாளுக்கும் வேண்டிய தண்ணீரைச் சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தவிர வேறு குறை எதுவும் எனக்கு நினைவில்லை. வாட்டமொல்லாவில் அருவி விழும் காயல், அதற்கப்பால் கழுகின் தலை போன்ற பாறையும் அதன் அருகே நேராகக் கடலிலேயே விழும் அருவியும், ஆளுயரத்தை விஞ்சிய தண்டின் நுனியில் சிவப்பாய்ப் பூத்து நிற்கும் கைமியா அல்லிகளும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. தாராவல் பழங்குடியினர் பண்டீனாவுக்கு அருகே ஜிபன் முனையில் பாறையில் செதுக்கிய திமிங்கில உருவத்தை, கிளம்புவதற்கு முன் போய்ப் பார்த்தோம். அப்பாவோடு போனபோது அதைப் பார்க்காமல் வந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

*

மேலே உள்ள பதிவைப் படித்த மற்றொருவரின் பகிர்வு:

சகோதரியின் பதிவைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நான் இதே தடத்தை மூன்று முறை நடந்திருக்கிறேன். அவற்றுள் ஒருமுறை ஆட்ஃபர்டிலிருந்து எதிர்த்திசையில். அப்படி நடப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆட்ஃபர்டில் தொடங்கினால் பர்னிங் பாம்ஸ் கடற்கரைக்குச் செங்குத்து வழியில் ஏறாமல் இறங்கிப் போகலாம் என்பது உண்மைதான். ஆனால் பண்டீனாவில் கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், ரயில் இரவிலும் உண்டு. அன்று வழியில் கேரி கடற்கரைக்கு அருகே என் நண்பரின் கணுக்கால் பிசகியதால் தாமதமாகி, கடைசி ஐந்து கிலோமீட்டரைப் படகைப் பிடிக்கும் பதற்றத்திலேயே நடந்தோம். பார்க்க வேண்டிய எதையும் பார்க்கவில்லை.

பர்னிங் பாம்ஸுக்குத் தெற்கே, பாறைத் தட்டில் 8 என்ற எண்ணின் வடிவத்தில் குடைந்திருக்கும் நீர்க்குழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் வற்றியிருக்கும் வேளையில் மட்டுமே அங்கே போக வேண்டும். அப்போதும் பூங்கா நிர்வாகம் வெளியிடும் அலை அபாய முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டே போக வேண்டும். நாங்கள் போன நாளில், அதுவரை அமைதியாக இருந்த கடலிலிருந்து ஒரே ஓர் அலை இடுப்பளவு ஏறிவந்து, எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண்ணைப் பாறைமேல் இழுத்துச் சென்றது. முழங்கையெல்லாம் சிராய்த்து இரத்தம் வடிந்தது. கைபேசியில் இணைப்பு இல்லை. அங்கிருந்த எல்லோரும் மாறி மாறித் தோள்கொடுத்து, பனைக்காட்டின் ஊடே ஆட்ஃபர்டுக்கு ஏறும் செங்குத்து வழியில் அவரைக் கூட்டிவந்தோம்.

ஆட்ஃபர்ட் நிலையத்தில் எல்லா ரயில்களும் நிற்பதில்லை. புறப்படும் முன்பே நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒன்றைத் தவறவிட்டு அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்தபோது, அந்தப் பெண் தன் பையில் மிச்சமிருந்த ஆரஞ்சுப் பழங்களை உரித்து எங்கள் ஏழு பேருக்கும் பங்கிட்டுக் கொடுத்தார். அவரும் ரயிலில்தான் வந்திருந்தார்.