கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஒரு சின்னத் திட்டம்: பணம் யாரிடம் கேட்பது?

குளச்சல் டாக்டர்:
11 வருடமாக இங்கே குழந்தைகள் கிளினிக் நடத்துகிறேன். விடியும் முன்பே அம்மாமார் மீன் ஏலத்துக்குப் போய்விட, பிள்ளைகள் கட்டன்சாயா குடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளிறிக் கிடக்கிறது. நான்கு ஊர்களில் ஆறு மாதம் ரத்தசோகைப் பரிசோதனையும் சிகிச்சையும் செய்ய ஆசை. மூன்று லட்சம் வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 'கேட்ச்' என்று இதற்கே சிறுநிதி தருகிறது. அது அங்குள்ள டாக்டர்களுக்கு. நமக்கு?

நாகர்கோவில் ஆடிட்டர்:
சார், தனி ஆளாகப் போனால் சிஎஸ்ஆர் பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் பணம், கிடைக்காது. 2013 கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவுப்படி பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இதற்குச் செலவழிக்க வேண்டும். ஆனால் வாங்கும் அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள், மூன்று வருட அனுபவம், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்காதீர்கள், பழைய அறக்கட்டளை ஒன்றோடு சேருங்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு வேறு, அது தனித் தலைவலி.

மார்த்தாண்டம் டாக்டர்:
நான் பட்டது: ஹீமோகுளோபின் பார்க்கும் மீட்டருக்கு நிதி வந்தது, ஒவ்வொரு சோதனைக்கும் அதில் போடும் ஸ்ட்ரிப் நாலாம் மாதமே தீர்ந்தது. பட்ஜெட்டில் ஸ்ட்ரிப்பை முதலில் போடுங்க. அப்புறம், பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்பிஎஸ்கே (அரசின் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) குழுவிடம் முன்கூட்டியே பேசிடுங்க. ஒரே பிள்ளைக்கு ரெண்டு தடவை விரல் குத்தினால் அம்மாமார் விடமாட்டார்கள்!

குளச்சல் டாக்டர்:
ஸ்ட்ரிப் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. ஆடிட்டர் சார், சர்ச் பங்கின் அறக்கட்டளை ஒன்று இருக்கிறது, 80ஜி உண்டா என்று நாளைக்கே கேட்கிறேன்.