வாசகர் வட்டத்தில் நாவல்: எங்கே சறுக்குகிறது?

தொடங்கியதுமே 500 பக்க நாவலை எடுக்கும் வட்டங்கள்தான் சீக்கிரம் கலைகின்றன. வேலைக்குப் போய் வருகிறவர் நிதானமாகப் படித்தால் நாளுக்கு 20 பக்கம். கல்யாணம், காய்ச்சல், பிள்ளையின் பரீட்சை என்று வாரத்தில் இரண்டு நாள் எப்படியும் போய்விடும். ஆக வாரம் 100 பக்கம். மாதம் ஒரு கூட்டம் என்றால் 250 பக்கத்தோடு நிறுத்துங்கள். கடைசி வாரம் புரட்டிப் பார்க்க வேண்டும். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ போன்ற சின்ன நாவல் தொடக்கத்துக்குத் தோது. குழாயடியும் குடமும் தெரிந்தவர்களுக்கு முன்னுரை எதற்கு? ஆட்கள் 8 முதல் 10. அதற்கு மேல் போனால் மூலைக்கு மூலை தனிப்பேச்சு.

*

பக்க எண்ணை நம்பாதீர்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. ‘பொன்னியின் செல்வ’னைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன, ஒன்றின் பக்கம் இன்னொன்றில் இருக்காது. ‘முதல் பாகம், 1, ஆடித்திருநாள்’ என்று பாகம், அத்தியாய எண், தலைப்பு மூன்றையும் சொன்னால் கிண்டிலில் படிப்பவருக்கும் கிடைத்துவிடும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது, அடுத்த இதழுக்கு ஏங்க வைப்பதற்கென்றே பல அத்தியாயங்கள் முடியும். குறித்த இடத்தில் எல்லாரும் நிற்க மாட்டார்கள். முந்திப் படித்தவர் கடைசியில்தான் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

*

நாவல் எழுதுகிறவள் என்ற முறையில்: எழுத்தாளரை முதல் நிமிடத்திலிருந்தே உட்கார வைக்காதீர்கள். 90 நிமிடக் கூட்டத்தில் முதல் 45 அவர் இல்லாமல் நடக்கட்டும். அவர் எதிரில் இருந்தால் எல்லாரும் வாழ்த்துரைதான் வழங்குவார்கள். பொன்னாடையும் வரவேற்புரையும் இன்னொரு 20 நிமிடத்தை விழுங்கும்.

“பிடித்ததா?”, “உண்மைக் கதையா?” இரண்டும் பேச்சை அடைத்துவிடுகிற கேள்விகள். “எந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு இடம் சொன்னால் அது குக்கர் விசில், அழைப்புமணி, தூக்கம். நாவலைக் குறை சொல்ல முடியாது. மூன்று நான்கு பேர் ஒரே அத்தியாயத்தைச் சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் ஒரே மூச்சில் ஏழெட்டுப் புதுப் பெயர்கள் வந்திருக்கும், அல்லது யார் நினைவில் கதை ஓடுகிறது என்பது நழுவியிருக்கும். அந்தப் பத்தியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். எந்த வாக்கியத்தில் தடுக்கியது என்று காதுக்கே தெரிந்துவிடும். மதிப்புரைகளில் எழுத்தாளருக்குக் கிடைக்காத தகவல் இது.

*

உரக்க வாசிப்பது வட்டார வழக்குக்கும் கை கொடுக்கும். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தவர். ஆனால் ‘கோபல்ல கிராம’த்தைச் சொல்லுக்குச் சொல் நிறுத்தி அகராதி பார்த்தால் பத்து பக்கம் தாண்டாது. கோவில்பட்டிப் பக்கத்து ஆள் இருந்தால் அவரையே ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். பாதி அர்த்தம் தொனியிலேயே வந்துவிடும், மிச்சமிருக்கும் நாலைந்து சொல்லுக்கு மட்டும் அகராதி போதும்.

அடுத்த நூலைக் கூட்டம் கலையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு விட்டால் ஒரு வாரம் போகும், கடைசியில் யாரிடமும் இல்லாத புத்தகம் ஜெயிக்கும். அச்சில் இருக்கிறதா, நூலகத்தில் எத்தனை படி என்று பார்த்த பிறகே பெயரை முன்மொழியலாம்.