கலிமா சொன்ன பிறகு வரும் முதல் ரமளான்: தாயாருடன் ஒரே வீட்டில் இருந்துகொண்டு நோன்பு பிடிப்பது எப்படி?

திருமங்கலத்துக்காரன் (கேள்வி)

அஸ்ஸலாமு அலைக்கும். சென்ற ஆவணி மாதம் கலிமா சொல்லி இஸ்லாத்தை ஏற்றுக்கொண்டேன். எனக்கு வயது 36. திருமங்கலத்தில் தாயாருடன் வசிக்கிறேன். மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். இன்னும் மூன்று வாரங்களில் ரமளான் பிறக்க இருப்பதால், அதற்குள் பழகிக்கொள்ளலாம் என்று போன திங்கட்கிழமை ஒரு நோன்பு பிடித்துப் பார்த்தேன். அது சரியாக அமையவில்லை. வீட்டில் யாரையும் எழுப்ப மனமில்லாமல் விடிவதற்கு முன் இரண்டு குவளைத் தண்ணீர் மட்டும் குடித்திருந்தேன். பதினொரு மணிக்குக் கடைப் பையன் வழக்கம்போல் மேசையில் வைத்த தேநீரை, கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே எடுத்துக் குடித்துவிட்டேன். பாதி குடித்த பிறகுதான் நினைவு வந்தது. நோன்பு முறிந்துவிட்டது என்று எண்ணி மதியம் சாப்பிட்டும் விட்டேன். இத்தனைக்கும் அன்று மாலை தலைவலி தாங்க முடியவில்லை. நாளொன்றுக்கு நான்கு முறை காபி குடிக்கும் பழக்கம் எனக்கு உண்டு.

என் தாயார் நான் மதம் மாறியதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதை மட்டும் அவரால் ஏற்க முடியவில்லை. அவரே ஒவ்வோர் ஐப்பசியிலும் திருப்பரங்குன்றத்தில் காப்புக் கட்டிக்கொண்டு ஆறு நாள் சஷ்டி விரதம் இருப்பவர். அவருடைய விரதத்தில் பாலும் பழமும் உண்டு, தண்ணீருக்குத் தடையில்லை. ஆகவே என்னுடையது விரதமே அல்ல, உடம்பைக் கெடுத்துக்கொள்வது என்கிறார்.

எனக்கு இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை உண்டு. மாலை ஆறு மணிக்குக் கடையிலிருந்து கிளம்பிப் பெரியார் நிலையத்தில் பேருந்து ஏறினால், மக்ரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) நேரத்தில் பசுமலையைத் தாண்டிக்கொண்டிருப்பேன். பேருந்தில் நோன்பு திறக்கலாமா? அன்றாடப் பயணம் செய்பவன் என்பதால் நோன்பைத் தள்ளிவைக்க எனக்குச் சலுகை உண்டா? இத்தனை ஆண்டுகளாக விட்ட நோன்புகளையெல்லாம் நான் திரும்பப் பிடிக்க வேண்டுமா? ரமளான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகையில் ஓத எனக்கு நான்கு சிறிய சூராக்களுக்கு (குர்ஆன் அத்தியாயங்களுக்கு) மேல் தெரியாது. இவற்றையெல்லாம் நேரில் கேட்கக் கூச்சமாக இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

காஜிமார் தெருப் பெரியவர்

வ அலைக்குமுஸ் ஸலாம், தம்பி. கடைசிக் கேள்விகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அவைதாம் எளியவை. இஸ்லாத்துக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளின் நோன்பு எதுவும் உங்கள் கணக்கில் இல்லை. ஒருவர் ரமளான் பாதியில் கலிமா சொன்னால்கூட, அதற்குப் பிந்தைய நாட்களின் நோன்புதான் அவர் மீது கடமை. தராவீஹ் சுன்னத்தான தொழுகை, அதாவது நபிவழியில் வந்தது, கட்டாயக் கடமை அன்று. அதைத் தவறவிட்டால் நோன்புக்கு ஒரு குறையும் வராது. நீண்ட சூராக்களை ஓதுவது இமாமின் பொறுப்பு, நீங்கள் பின்னால் நின்று கேட்டால் போதும். களைத்துவிட்டால் எட்டு ரக்அத்தோடு (தொழுகையின் ஒரு சுற்று ஒரு ரக்அத்) வீட்டுக்குப் போங்கள், இருபது முடியும்வரை நிற்க முடிந்தால் நில்லுங்கள். எட்டா இருபதா என்று உங்களைப் பிடித்து வைத்து விவாதிக்கச் சிலர் வருவார்கள். முதல் ஆண்டில் அந்தப் பேச்சுக்குள் போகாமல் இருப்பது உங்களுக்கு நல்லது.

தேநீர் விஷயத்துக்கு வருவோம். மறந்து உண்பதாலோ பருகுவதாலோ நோன்பு முறியாது. அப்படி மறந்தவர் தம் நோன்பை முழுமையாக்கட்டும், அவருக்கு உணவும் நீரும் அளித்தவன் அல்லாஹ்வே என்ற பொருளில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் நபிமொழி இருக்கிறது. நினைவு வந்த கணத்தில் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு நோன்பைத் தொடர்ந்திருக்கலாம். ஆகவே உங்கள் நோன்பை முறித்தது தேநீர் அன்று, மதியச் சாப்பாடுதான். அது நஃபில் நோன்பு, அதாவது கடமையல்லாமல் விரும்பிப் பிடிப்பது என்பதால் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மார்க்கச் சட்டத்தில் மத்ஹப் எனப்படும் பிரிவுகள் உண்டு. ஹனஃபி மத்ஹபில் தொடங்கிய நஃபிலை இடையில் விட்டால் வேறொரு நாளில் ஈடு செய்ய வேண்டும், ஷாஃபியில் அந்தக் கட்டாயம் இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி அதிகம், நம் பக்கத்து ராவுத்தர்களிடம் ஹனஃபி அதிகம். ஒரே கேள்விக்கு இரண்டு ஹஜ்ரத்மார்கள் (மார்க்க அறிஞர்கள்) இரண்டு விடை சொன்னால் கலங்க வேண்டாம், பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

அன்றாடம் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வருவது மார்க்கம் சொல்லும் பயணம் ஆகாது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்குப் போனால்தான் அந்தச் சலுகையைப் பற்றிப் பேச முடியும். பேருந்தில் நோன்பு திறப்பதற்குத் தடை ஏதும் இல்லை. பாங்குச் சத்தம் காதில் விழ வேண்டும் என்பது நிபந்தனை அல்ல, சூரியன் மறைந்தால் போதும். பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்பு நேர அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நேரம் வந்ததும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடியுங்கள். நேரம் வந்த பின்னும் வீடு போய்ச் சேர்ந்து திறக்கலாம் என்று தாமதிப்பது பக்தி ஆகாது, விரைந்து திறப்பதுதான் சுன்னத்.

ஆனால் நீங்கள் ஏன் பேருந்தில் திறக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழமாசி வீதியிலிருந்து காஜிமார் தெரு நடக்கும் தூரம், பெரியார் நிலையமோ எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய பள்ளிவாசலில் வந்து கஞ்சி குடித்து, மக்ரிப் தொழுதுவிட்டுப் பேருந்து ஏறுங்கள். யாரும் உங்களிடம் பெயரோ ஊரோ கேட்கப் போவதில்லை. பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் சேர்த்து, தேங்காய்ப்பால் ஊற்றி, சில நாட்களில் கொத்துக்கறியும் போட்டுக் காய்ச்சும் அந்தக் கஞ்சி, காய்ந்து கிடந்த வயிற்றுக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை முதல் நாளே உணர்வீர்கள். இதற்கென்று தமிழக அரசே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்குகிறது. அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியோடு வருகிற அக்கம்பக்கத்து இந்துப் பிள்ளைகளுக்கும் பல பள்ளிவாசல்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு நாள் உங்கள் தாயாருக்கும் வாங்கிப் போங்கள். கறி சேர்த்த கஞ்சியா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற செவிலியர், மதுரை

நான் முஸ்லிம் அல்லள். ஆனால் முப்பது ஆண்டுக்கும் மேலாக மருத்துவமனை வார்டுகளில் பணியாற்றியபோது ஒவ்வொரு ரமளானிலும் நோன்பாளிகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால், மாத்திரையைப் பற்றியும் தலைவலியைப் பற்றியும் சொல்ல எனக்குச் சில செய்திகள் உண்டு.

இரத்த அழுத்த மாத்திரையின் நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், நிறுத்தவும் கூடாது. சீட்டை எடுத்துக்கொண்டு இப்போதே உங்கள் மருத்துவரிடம் போய், ரமளானில் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு முறை போடும் மாத்திரைகள் பலவற்றை சஹருக்கோ (விடிவதற்கு முன் உண்ணும் நேரம்) நோன்பு திறந்த பிறகோ நகர்த்த முடியும். ஆனால் சில அழுத்த மாத்திரைகள் சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் வகையைச் சேர்ந்தவை. அத்தகைய மாத்திரையை விடியற்காலையில் போட்டுவிட்டுப் பகல் முழுதும் தண்ணீர் இல்லாமல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தால் தலைசுற்றல் வரலாம். உங்களுடையது எந்த வகை என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கண் இருட்டுவது, நெஞ்சில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே தண்ணீர் குடித்து உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் மார்க்கத்திலும் நோயாளிக்கு நோன்பை விட இடம் இருக்கிறது என்று என்னிடம் வந்த நோன்பாளிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தலைவலிக்குப் பட்டினியைவிடக் காபியே பெரிய காரணமாக இருந்திருக்கும். பழகிய காபி நின்று பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் அந்த வலி தொடங்கும், ஓரிரு நாட்கள் உச்சத்தில் இருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் அடங்கும். உங்களுக்கு மூன்று வாரம் அவகாசம் இருக்கிறது. இந்த வாரமே நான்கை மூன்றாக்குங்கள், அடுத்த வாரம் இரண்டாக்குங்கள். கடைசியில் பகல் காபியை விட்டுவிட்டு, இரவில் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். சஹரில் இரண்டு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதால் பெரிய பயன் இல்லை, அது சிறிது நேரத்தில் வெளியே போய்விடும். இரவு முழுவதும் சிறிது சிறிதாகக் குடித்து, சஹரில் கேப்பைக் களியோ கம்மங்கூழோ தயிர்ச் சோறோ ஒரு முட்டையுடன் சாப்பிடுங்கள். ஊறுகாயும் கருவாடும் அந்த நேரத்தில் வேண்டவே வேண்டாம், பத்து மணிக்கே நாக்கு வறண்டுவிடும்.

மேலூர்ச் சகோதரி

பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே நிலையில் இருந்தேன். எனக்குக் கேட்க ஓர் ஆள்கூட இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் நோன்பு பிடித்தேன். அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மாலையில் காலி டப்பாவைக் கழுவிக்கொண்டு போவேன். குழம்பு எப்படி இருந்தது என்று அவர் கேட்கும் ஒவ்வொரு நாளும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. பசியைத் தாங்கிவிட்டேன், அந்தப் பொய்யைத் தாங்க முடியவில்லை. பதினேழாவது நாள் உண்மையைச் சொன்னபோது, நோன்பு பிடித்ததற்காக அம்மா அழவில்லை. பதினாறு நாட்களாகத் தாம் சமைத்ததை யாரோ தின்றிருக்கிறார்கள் என்பதற்காகத்தான் அழுதார்.

இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன், படிக்கும் பெண்கள் யாருக்காவது உதவும். மாதவிலக்கு நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாது, அவற்றைப் பிறகு களாவாக, அதாவது ஈடாக, வேறு நாட்களில் பிடிக்க வேண்டும், விட்ட தொழுகைகளுக்கோ களா இல்லை என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. வலியோடும் நோன்பு பிடித்தேன், அவ்வளவும் கணக்கில் சேராதவை. புதிதாக வந்தவர்களுக்கு எது கடினமோ அதுதான் சரியாக இருக்கும் என்று தோன்றிவிடுகிறது, நமக்குத் தெரியாத இடங்களையெல்லாம் கடுமையைக் கொண்டு நிரப்புகிறோம். சஹர் சாப்பிடாமல் நீங்கள் வெறும் தண்ணீரோடு தொடங்கியதைப் படித்ததும் எனக்கு அந்த நினைவு வந்தது. சஹர் செய்யுங்கள், அதில் பரக்கத் (இறையருள்) இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதைத் தவிர்ப்பதில் எந்தச் சிறப்பும் இல்லை.

தாயாரை எழுப்பக் கூடாது என்று நினைக்காதீர்கள். எழுப்பலாமா என்று முந்தைய நாளே அவரிடம் கேளுங்கள். ஆறு நாள் காப்புக் கட்டி விரதம் இருந்த ஒருவருக்கு உங்கள் நோன்பில் புரியாதது தண்ணீர் மட்டும்தான். அதற்கு நேரக் கணக்கைச் சொல்லுங்கள். இந்தப் பருவத்தில் மதுரையில் விடியற்காலை 5.20-ஐ ஒட்டி நிறுத்தி, மாலை 6.25-ஐ ஒட்டித் திறந்துவிடுவோம், மொத்தம் பதின்மூன்று மணி நேரம்தான். இரவு பகலாகத் தண்ணீர் இல்லாமல் கிடக்கப் போகிறீர்கள் என்று அவர் நினைத்திருக்கவும் கூடும். என் அம்மா அப்படித்தான் நினைத்திருந்தார்.

நெல்பேட்டை இளைஞன்

எல்லோரும் சொன்னவை சரிதான், ஆனால் நிய்யத்தை (நோன்பு பிடிக்கும் எண்ணத்தை) யாரும் குறிப்பிடவில்லை. தராவீஹ் முடிந்ததும் இமாம் சொல்லித் தரும் 'நவைத்து ஸவ்ம கதின்' என்று தொடங்கும் வாசகத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைச் சொல்லாவிட்டால் நோன்பு கூடாது.

காஜிமார் தெருப் பெரியவர்

நெல்பேட்டைத் தம்பிக்கு: நிய்யத் இல்லாவிட்டால் நோன்பு கூடாது என்பது சரி, அந்த வாசகம் இல்லாவிட்டால் கூடாது என்பது சரியல்ல. நாளைக்கு ரமளான் நோன்பு பிடிக்கிறேன் என்று மனத்தில் உறுதி கொள்வதே நிய்யத். வாயால் சொல்வது அந்த உறுதிக்குத் துணை, அவ்வளவுதான். அரபியில் சொல்ல வராதவர் தமிழில் எண்ணிக்கொண்டால் போதும். ஷாஃபியில் ஒவ்வோர் இரவும் விடிவதற்குள் எண்ண வேண்டும், ஹனஃபியில் ரமளான் நோன்புக்கு நண்பகலுக்கு முன்பு வரை இடம் உண்டு. சஹருக்கு எழுந்து சாப்பிட உட்காரும் மனிதனுக்கு அந்த எண்ணம் இல்லாமலா இருக்கும்? அல்பகரா அத்தியாயத்தில் நோன்பைக் கடமையாக்கிய வசனங்களுக்கு இடையிலேயே, அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்று 185-ஆம் வசனம் சொல்கிறது. புதியவரிடம் பேசும்போது அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திருமங்கலத்துக்காரன்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மாத்திரையைப் பற்றி மருத்துவரைச் சனிக்கிழமை பார்க்கிறேன். காபியை மூன்றாகக் குறைத்துவிட்டேன். மேலூர்ச் சகோதரி சொன்னபடி நேற்று இரவு தாயாரிடம் நேரக் கணக்கைச் சொன்னேன். அவர் உண்மையிலேயே இரவிலும் தண்ணீர் கிடையாது என்றுதான் நினைத்திருந்தாராம். விடியற்காலை நான்கு மணிக்கே தாமே எழுந்து உலை வைப்பதாகச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் நான்தான் குழம்பு வைப்பேன். நோன்போடு உப்புப் பார்க்கலாமா?

மேலூர்ச் சகோதரி

தேவை இருந்தால் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, விழுங்காமல் துப்பிவிடலாம். தேவை இல்லாமல் அப்படிச் செய்வது மக்ரூஹ் (விரும்பத்தகாதது). உங்கள் தாயார் அருகில் இருக்கும்போது அவரையே பார்க்கச் சொல்லலாமே.

திருமங்கலத்துக்காரன்

அவரிடமே கேட்டேன். சாமிக்குப் படைக்கும் பொங்கலையும் சுண்டலையும் நாற்பது வருடமாக உப்புப் பார்க்காமல்தான் சமைக்கிறேன், உனக்கு அது இன்னும் கைவரவில்லையா என்று கேட்கிறார்.